கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளலாமா என்று தீர்மானிப்பது எப்படி

கண்ணாடி அணிபவர்களுக்கு லேசர் பற்றிய எண்ணம் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் வருகிறது. மார்கழி மழையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தின் மீது மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர், தலைக்கவசத்தின் கண்ணாடியையும் மூக்கிலுள்ள கண்ணாடியையும் மாறி மாறித் துடைத்துக் களைத்து, ஈற்றில் இரண்டையும் உயர்த்திவிட்டு மங்கலாகவே வீடு வந்து சேரும்போது, கொழும்புக்குப் போய் இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டு வந்தால் என்ன என்று நினைப்பது இயல்பு. நான் முப்பது ஆண்டுகளாகக் கண்ணாடி அணிபவன். லேசர் செய்துகொள்ளப் போய், உங்கள் கண்ணுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன். என் தங்கை செய்துகொண்டு கண்ணாடியில்லாமல் இருக்கிறாள். இரண்டு பக்கத்தையும் ஒரே வீட்டில் பார்த்ததனால், முடிவெடுக்க எண்ணுபவர் எதை எந்த ஒழுங்கில் யோசிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இது வைத்திய ஆலோசனைக்குப் பதிலானது அல்ல; அந்த ஆலோசனைக்குப் போகுமுன் வீட்டிலே செய்யவேண்டிய ஆயத்தம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் கண் ஒப்பரேஷன் என்றதும் பலர் மனதில் வருவது அம்மம்மாவுக்குச் செய்த கண்புரைச் சத்திரசிகிச்சையே. அது வேறு. கண்புரையில் கண்ணின் உள்ளேயுள்ள வில்லை வெண்மையாகி ஒளியை மறைக்கிறது. சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பார்வை மேலும் மேலும் போய்க்கொண்டிருக்கும். லேசருக்குப் போகிறவரின் கண்ணோ ஆரோக்கியமான கண்; கண்ணாடி போட்டால் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய சிக்கல் என்பது கண்புரை நோயாளிக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க சிறிய ஆபத்தாக இருக்கலாம், ஆனால் கண்ணாடியைத் தவிர வேறு குறையில்லாத ஒருவர் அதே ஆபத்தை இன்னும் நுணுக்கமான தராசில் நிறுக்க வேண்டும்.

கண்ணில் என்ன செய்கிறார்கள்

கருமணியின் மேல் கடிகாரக் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் ஒளிபுகும் படலத்தைக் கோர்னியா என்பர். அதன் நடுப்பகுதியின் தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றருக்குச் சற்றே மேல். ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. குறும்பார்வை உள்ளவருக்கு ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுவதால், கோர்னியாவின் நடுப்பகுதியைச் சிறிது செதுக்கித் தட்டையாக்கினால் குவியம் பின்னால் நகர்ந்து சரியான இடத்தில் விழும். செதுக்குவதற்குப் பயன்படும் 193 நனோமீற்றர் எக்சைமர் லேசர், சுற்றியுள்ள இழையத்தைக் கருக்காமல் தொட்ட இடத்தை மட்டும் நீக்கக்கூடியது. இந்தத் தன்மையை 1981இல் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில்.

இன்று மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. பழையது பி.ஆர்.கே.; இதில் கோர்னியாவின் மேற்றோலை நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குவர். தோல் திரும்ப வளர மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும், அந்த நாட்களில் நன்றாக நோகும், பார்வை தெளிவதற்கு வாரங்கள் செல்லும். பரவலாகச் செய்யப்படும் லேசிக் முறையில் மெல்லிய மூடி ஒன்றை ஒரு பக்கம் ஒட்டியபடி வெட்டித் திறந்து, அடியிலுள்ள இழையத்தைச் செதுக்கிய பின் மூடியைத் திரும்பப் படியவைப்பர்; தையல் இல்லை, பெரும்பாலானோருக்கு மறுநாளே பார்வை தெளிந்துவிடும். ஸ்மைல் என்னும் புதிய முறையில், லேசர் கோர்னியாவின் உள்ளேயே வில்லை வடிவான மெல்லிய இழையத் துண்டு ஒன்றை வெட்டிப் பிரிக்க, அதை 2 முதல் 4 மில்லிமீற்றர் அளவான சிறு வெட்டின் ஊடாக இழுத்தெடுப்பர். எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருடைய கண்ணுக்கு, என்ன தொழிலுக்கு என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

கண்ணாடியால் உண்மையில் எவ்வளவு தொல்லை

நன்மையை அளக்காமல் ஆபத்தை மட்டும் அளப்பவர்களே அதிகம். ஒரு சிறு கொப்பியை எடுத்து, இரண்டு கிழமைக்குக் கண்ணாடி இடைஞ்சலாக இருந்த ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் காரணத்தையும் குறித்து வாருங்கள். நான் அப்படிக் குறித்தபோது பதினான்கு நாளில் ஒன்பது குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் ஆறு, வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுகியது பற்றியவை. அது சட்டகம் தளர்ந்ததால் வந்த தொல்லை, கோர்னியாவைச் செதுக்கித் தீர்க்க வேண்டியதல்ல. கண்ணாடிக் கடையில் ஐந்து நிமிடத்தில் சரிப்படுத்தினார்கள். மாறாக, என் தங்கையின் பவர் இரு கண்ணிலும் மைனஸ் 5. இரவில் குழந்தை அழுதால் முதலில் கண்ணாடியைத் தடவித் தேட வேண்டிய நிலை. அவளுடைய கொப்பியில் பக்கங்கள் நிறைந்திருந்தன. வாவியில் தோணியோட்டுபவர், உப்புத்துளி படியும் கண்ணாடியோடு கடலுக்குப் போகிறவர், முகக்கவசம் கட்டி வேலைசெய்யும் தாதியர் ஆகியோருக்கும் நன்மையின் எடை உண்மையாகவே அதிகம்.

கொன்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லென்ஸ் ஆபத்தற்றது என்று எண்ணுவது பிழை. கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ லென்ஸைக் கழுவுவதும், லென்ஸோடு உறங்குவதும், குளத்தில் லென்ஸோடு குளிப்பதும் கோர்னியாவில் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியவை. பத்து ஆண்டுகளாக அவ்வாறு கவனயீனமாக லென்ஸ் அணிபவருக்கு லேசரின் ஆபத்து ஒப்பீட்டளவில் சிறியதாகத் தோன்றலாம். அதே வேளை, கைகழுவாமல் லென்ஸ் போடும் ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சொட்டுமருந்து ஒழுங்கைக் கடைப்பிடிப்பாரா என்றும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது.

நாற்பதை நெருங்குபவர்கள் இதைத் தவறாமல் வாசிக்கவும்

நாற்பது வயதையொட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. கண்ணின் உள்வில்லை நெகிழ்ச்சியை இழப்பதால் கிட்டவுள்ள எழுத்து மங்குகிறது. லேசர் கோர்னியாவில் செய்யப்படுவது. வில்லையின் முதுமையை அது தடுக்காது. இங்கே பலருக்கும் புரியாத ஒரு நுணுக்கம் உண்டு. மைனஸ் 2.5 போன்ற குறும்பார்வை உள்ளவர், வெள்ளெழுத்து வந்த பின்னும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகை வாசித்துவிடுவார். அவருக்கு அது இயற்கை கொடுத்த வாசிப்புக் கண்ணாடி. லேசரில் தூரத்தைப் பார்க்கும் பார்வையை முழுமையாகச் சரிசெய்துவிட்டால் அந்த வசதி போய்விடும். வீதியில் கண்ணாடி தேவைப்படாது, ஆனால் மருந்துச் சரையில் எழுதியிருப்பதை வாசிக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் கண்ணாடி தேடவேண்டி வரும். தையல் வேலை செய்யும் 44 வயதுப் பெண்ணொருவருக்கு இது இலாபமா நட்டமா என்பது வெளிப்படை.

இதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கண் பரிசோதகரிடம் சொல்லி, தூரத்தைப் பார்ப்பதற்கு முழு அளவான தற்காலிகக் கொன்டாக்ட் லென்ஸை அணிந்து ஒரு நாள் முழுவதும் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றக் கண்ணைக் கிட்டத்துக்கும் அமைக்கும் முறையை வைத்தியர் பரிந்துரைத்தால் அதையும் இவ்வாறே லென்ஸில் பழகிப் பார்க்கலாம். சிலருக்கு மூளை அதை ஏற்பதில்லை, தலைசுற்றும், இரவில் வாகனம் ஓட்டுவது சிரமமாகும். லென்ஸைக் கழற்றிவிடலாம், செதுக்கிய இழையத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

யாருக்கு இது ஆகாது

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் செய்வதில்லை. வயது வந்திருந்தாலும், கடந்த ஓராண்டில் பவர் அரை டயொப்டருக்கு (டயொப்டர் என்பது பவரின் அலகு) மேல் மாறியிருந்தால் காத்திருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்து ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் பவர் தற்காலிகமாக மாறக்கூடும் என்பதால் தள்ளிவைக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், கண்ணில் முன்பு வந்த ஹேர்பிஸ் தொற்று, கண் அமுக்க நோய், கடுமையான கண் வறட்சி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரிழிவு இருப்பதை வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. இங்கே அந்த மறைப்புக்கு விலை கண்ணாகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கோர்னியா கூம்பு வடிவில் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோய். தொடக்கத்தில் இது வெளியே தெரியாது. பவர் அடிக்கடி மாறுவதும் கண்ணைக் கசக்கும் பழக்கமும் குறிப்புகளாக இருக்கலாம். ஏற்கனவே பலமிழந்த கோர்னியாவைச் செதுக்கினால் அது மேலும் முன்னே பிதுங்கி, பின்னர் கண்ணாடியாலும் திருத்த முடியாத பார்வைக்குறைவு வரும். என் கதை இதுதான். முதலில் போன இடத்தில் பவரைப் பார்த்து, பத்து நிமிடத்தில் செய்யலாம் என்று சொல்லி முற்பணமும் கேட்டார்கள். மனம் ஒப்பாமல் இரண்டாவது இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, கோர்னியாவின் வடிவத்தை நிலவரைபடம் போன்ற வண்ணப் படமாக எடுத்தார்கள். வலது கண்ணின் படத்தில் கீழ்ப்பாதியில் மட்டும் செம்மஞ்சள் திட்டு ஒன்று. நீங்கள் கண்ணைக் கசக்குவீர்களா என்று வைத்தியர் கேட்டார். சூடடிக்கும் களத்தில் வளர்ந்தவன் நான். நெற்சுணை பட்டுக் கண் கடித்தால் இரு கைகளாலும் கசக்குவதே சிறு வயதுப் பழக்கம். உங்களுக்கு லேசர் வேண்டாம், இனிக் கசக்கவும் வேண்டாம் என்று அவர் சொன்னபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. இன்று அந்த மறுப்பையே எனக்குக் கிடைத்த சிறந்த சிகிச்சையாகக் கருதுகிறேன்.

அளவுகளும் கணக்கும்

பரிசோதனைக்குப் போகுமுன் மென்மையான கொன்டாக்ட் லென்ஸை குறைந்தது இரண்டு கிழமைக்கும், விறைப்பான லென்ஸை நான்கு கிழமைக்கும் அணியாதிருக்க வேண்டும். லென்ஸ் கோர்னியாவின் வடிவத்தை மாற்றி வைத்திருப்பதால் அளவுகள் பிழைத்துவிடும். கோர்னியாவின் தடிப்பு, வடிவப் படம், கண்ணீரின் அளவு, இருட்டில் கண்மணி விரியும் அளவு, கண் அமுக்கம், மருந்து விட்டுக் கண்மணியை விரித்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை ஆகியன எல்லாம் நடக்க வேண்டும். கண்மணியை விரித்த பின் சில மணி நேரம் மங்கலாக இருக்கும் என்பதால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

அளவுகள் கைக்கு வந்ததும் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டயொப்டர் பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரோன் செதுக்க வேண்டும். லேசிக்கின் மூடி ஏறத்தாழ 110 மைக்ரோன். மூடிக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரோன் மீதமிருக்க வேண்டும். பல வைத்தியர்கள் 300க்கு மேல் இருப்பதையே விரும்புவர். கோர்னியா 540 மைக்ரோனும் பவர் மைனஸ் 4உம் உள்ள ஒருவருக்கு மூடி 110, செதுக்கல் 60, மீதம் 370. தாராளமாகப் போதும். கோர்னியா 500, பவர் மைனஸ் 8 என்றால் மூடி 110, செதுக்கல் 120, மீதம் 270. எல்லைக்கு மேலேதான் நிற்கிறது, ஆனால் மூடியும் செதுக்கலும் சேர்ந்து கோர்னியாவில் 46 வீதம் குலைக்கப்பட்டுவிடுகிறது. 40 வீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதால், இத்தகையவருக்கு லேசிக் பொருந்தாது என்று நான் துணிந்து சொல்வேன். கண்ணுக்குள் மேலதிக வில்லை ஒன்றை வைக்கும் வேறு சத்திரசிகிச்சை பற்றி அவர் கேட்டறியலாம். அதற்கும் அதற்குரிய ஆபத்துகள் உண்டு.

பக்கவிளைவுகளின் எடை

பார்வையை இழந்துவிடுவேனா என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. தகுதியான கண்ணில் அது மிக அரிது. உண்மையில் பலர் எதிர்கொள்வது கண் வறட்சியும் இரவு நேர ஒளித் தொல்லையுமே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடத்திய ஆய்வின் முடிவுகளில், சத்திரசிகிச்சைக்கு முன் எந்தத் தொல்லையும் இல்லாதிருந்தவர்களில் 43 முதல் 46 வீதமானோர், மூன்று மாதத்தில் ஒளிவட்டம், கூச்சம், இரட்டைத் தோற்றம் போன்ற புதிய தொல்லை ஒன்றையேனும் கூறினர். வறட்சி இல்லாதிருந்தவர்களில் ஏறத்தாழ 28 வீதமானோருக்கு வறட்சி அறிகுறிகள் தோன்றின. ஆனால் அத்தொல்லைகளால் அன்றாட வேலைகளே பெரிதும் தடைப்பட்டவர்கள் 1 வீதத்துக்கும் குறைவு. பெரும்பான்மையானோர் திருப்தியாகவே இருந்தனர். இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்ப்பவர் பயந்துவிடுவார், இரண்டாவதை மட்டும் விளம்பரத்தில் போடுவார்கள்.

வறட்சிக்குக் காரணம் கோர்னியாவின் நுண்ணிய நரம்புகள் வெட்டுப்படுவது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குறையும். சிலருக்கு மட்டும் நீடிக்கிறது. மிகச் சிலருக்கு நரம்பு வலியாகவே தங்கிவிடுவதும் உண்டு. இரவு ஒளித் தொல்லையின் எடை ஆளுக்கு ஆள் வேறுபடும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இரவில் வாகனம் ஓட்டிச் செல்பவர், எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சத்துக்கும் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கும் இடையே பார்க்க வேண்டியவர். அம்பாறைப் பக்கத்து வயல்களில் பரணிலிருந்து யானைக் காவல் செய்பவருக்கும் இரவுப் பார்வையே பிரதானம். பகலில் கந்தோரில் இருப்பவருக்குச் சிறு தொல்லையாக இருப்பது இவர்களுக்குத் தொழில் ஆபத்து.

குறும்பார்வைக் கண்ணுக்குரிய விழித்திரைக் கிழிவு ஆபத்தை லேசர் குறைப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குறும்பார்வைக் கண் பெரும்பாலும் முன்பின்னாக இயல்பைவிட நீண்டது; கண்ணாடி போனாலும் அந்த நீளம் மாறாது. மின்னல் போன்ற ஒளியோ, பூச்சிகள் பறப்பது போன்ற புள்ளிகளோ, திரை விழுவது போன்ற மறைப்போ திடீரென்று தோன்றினால் அன்றே காட்ட வேண்டும்.

தொழிலும் ஊரும் காலமும்

லேசிக்கின் மூடி ஆண்டுகள் கடந்த பின்னும் பலத்த அடி பட்டால் இடம்பெயரக்கூடும். கராத்தே, கபடி, கடினப்பந்துக் கிரிக்கெட் விளையாடுபவர்களுக்கும் பாதுகாப்புத் துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் மூடி இல்லாத பி.ஆர்.கே. அல்லது ஸ்மைல் பொருத்தமாக இருக்கலாம். விண்ணப்பிப்பவர்கள், லேசர் செய்தவரை ஏற்பார்களா என்று அத்துறையிடமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பகுதியில் காலத்தையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்றில், சத்திரசிகிச்சை செய்யாத கண்ணே காய்ந்து எரிகிறது. பெரும்போக அறுவடைக் காலத்தில் தூசும் சுணையும். மார்கழியில் வெள்ளம் வந்தால் கொழும்புக்குப் போகும் வழியே தடைப்படும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், சிறுபோகம் வெட்டி முடிந்து பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் வரும் புரட்டாதி மாதமே விவசாயக் குடும்பத்தவருக்கு ஏற்றதென்பது என் கருத்து. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகவிருப்பவர்கள், பயணத்துக்கு முந்திய மாதத்தில் அவசரமாகச் செய்துகொண்டு போவதைத் தவிர்க்க வேண்டும். பார்வை நிலைப்படுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் செல்லும்.

முதல் மீள்பரிசோதனை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். எனவே சிகிச்சை முடிந்த அன்றிரவே பஸ் ஏறி மட்டக்களப்புக்குத் திரும்பும் திட்டத்தைக் கைவிட்டு, இரண்டு இரவு தங்குவதற்கு ஒழுங்கு செய்யுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு இடையிடையே பார்க்க வேண்டும். அவற்றில் எவற்றை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள கண் வைத்திய நிபுணரிடம் காட்டலாம் என்று முன்னரே பேசி, கடிதமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வைத்தியர் அனுமதிக்கும் வரை கண்ணில் தண்ணீர் படக்கூடாது. தொழுகைக்கு முன் வுழூச் செய்பவர்கள் முகத்தை எவ்வாறு கழுவுவது என்பதையும், நோன்பு நாளில் சொட்டுமருந்து விடுவதையும் பற்றி மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நோன்பு மாதம் அல்லாத காலத்தைத் தெரிவது இன்னும் எளிது. திருநீறு உதிர்ந்து கண்ணில் விழாதபடி சில நாள் நெற்றியில் தொட்டு மட்டும் வைக்கலாம். தீமிதிப்புக் களத்தின் புகையருகே நிற்க வேண்டாம். மை, சுர்மா இரண்டு கிழமைக்கு ஆகாது. கடலிலும் வாவியிலும் குளத்திலும் குளிப்பதை ஒன்று முதல் இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைப்பூச் சாறு போன்ற வீட்டு மருந்துகளைப் பெரியவர்கள் அன்போடு கொண்டுவருவார்கள். அன்பை ஏற்றுக்கொண்டு மருந்தை மறுத்துவிடுங்கள். நோவு கூடினாலோ, தெளிந்த பார்வை திரும்ப மங்கினாலோ, கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் கண் பிரிவுள்ள அண்மைய வைத்தியசாலைக்குச் சிகிச்சைக் குறிப்போடு உடனே போக வேண்டும்.

பணம் கட்டுமுன்

சொல்லப்படும் கட்டணத்தில் பரிசோதனை, மருந்து, மீள்பரிசோதனை ஆகியன அடங்குமா, பவர் மிச்சமிருந்து திரும்பச் செதுக்க வேண்டி வந்தால் அதற்கு யார் பணம் கட்டுவது என்று கேளுங்கள். கத்தி வைக்கப்போகும் நிபுணரை நேரில் காணாமல் உடன்பட வேண்டாம். உடன்பாட்டுப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் முதல்நாளே வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி வாசித்து விளங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள். இன்றைக்கே கட்டினால் கழிவு என்று சொல்பவரிடம், அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

சிகிச்சை முடிந்ததும், செய்யுமுன் எடுத்த கோர்னியாத் தடிப்பு, வளைவு, பவர் ஆகிய அளவுகளின் பிரதியைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்ய நேரும்போது, உள்ளே வைக்கும் வில்லையின் பவரைக் கணிக்க அந்தப் பழைய அளவுகள் வைத்தியருக்குப் பேருதவியாக இருக்கும். செதுக்கிய கோர்னியாவில் கண் அமுக்கம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், இனி எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் லேசர் செய்தவர் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். என் தங்கை அந்தக் கடதாசிகளை வெள்ளத்துக்கு நனையாதபடி பொலித்தீன் உறையில் இட்டு, காணி உறுதி இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறாள்.